இரண்டாவது சர்வ்: ஸ்லைஸா, கிக்கா, மீண்டும் அதே வேகமா?

டென்னிஸில் சர்வ் செய்பவருக்கு ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. முதல் பந்து வலையில் பட்டு விழுந்தாலும், எதிர்ப்பக்கத்தில் அது விழ வேண்டிய சர்வீஸ் கட்டத்துக்கு வெளியே போனாலும் நஷ்டம் எதுவும் இல்லை. இரண்டாவதும் தவறினால் அது டபுள் ஃபால்ட், புள்ளி எதிராளிக்குப் போய்விடும். அப்படியானால் அந்த இரண்டாவது பந்தை எப்படி அடிப்பது? கிளப்பிலோ பொது மைதானத்திலோ வாரத்தில் சில நாட்கள் ஆடுகிற பெரியவர்களில் பெரும்பாலோர் இதை உட்கார்ந்து யோசித்து முடிவெடுப்பதே இல்லை. முதல் சர்வை உடம்பின் பலம் முழுவதையும் கொடுத்து அடிக்கிறார்கள். அது தவறியதும் கையை மெல்ல நகர்த்திப் பந்தைக் கட்டத்துக்குள் தட்டிவிடுகிறார்கள். பல ஆண்டுகள் ஆடிய பிறகும் அந்தத் தட்டல் அப்படியே இருக்கிறது. ஃபோர்ஹேண்ட் வளர்ந்திருக்கும், பந்து தரையில் படுமுன்பே அடிக்கும் வாலி கைகூடியிருக்கும், இரண்டாவது சர்வ் மட்டும் விளையாடத் தொடங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இரண்டாவது சர்வுக்கு ஒருவர் முன்னால் உள்ள வழிகள் நான்கு: பந்தைத் தட்டிப் போடுவது, முதல் சர்வையே மறுபடியும் அடிப்பது, பக்கவாட்டில் சுழலும் ஸ்லைஸ், மேல்நோக்கி உரசி அடிக்கும் கிக். வயது வந்த, வலக்கையால் ஆடுகிற, ஓரளவு ஆட்டம் தெரிந்த ஒருவர் இவற்றில் எதைத் தேர்ந்து பயிற்சி நேரத்தைச் செலவிட வேண்டும் என்பதே இங்கே எடுத்துக்கொண்ட விஷயம். இடக்கைக்காரர்களுக்கான கணக்கு வேறு. அதைப் பிறகு சொல்கிறேன். நான்கையும் அளக்க ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். 30–40 என்ற நிலையில், அதாவது இன்னும் ஒரு புள்ளி போனால் கேமே போய்விடும் என்ற நிலையில், முதல் சர்வ் தவறிய பிறகு, பயம் வந்த கையோடு, மட்டையை முழு வேகத்தில் வீச எந்தச் சர்வ் அனுமதிக்கிறது என்பதே அந்த அளவுகோல்.

இந்த அளவுகோல் ஏன் என்பதற்கு மைதானத்தின் அளவுகளையே பார்க்க வேண்டும். சர்வ் செய்பவர் நிற்கும் பின்கோடான பேஸ்லைனிலிருந்து வலை 11.89 மீட்டர் தொலைவில் இருக்கிறது. வலையிலிருந்து, சர்வீஸ் கட்டம் முடியும் சர்வீஸ் கோடு 6.40 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 0.914 மீட்டர், ஓரக் கம்பங்களில் 1.07 மீட்டர். பந்து ஒரு நேர்கோட்டில் போவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டால், சர்வ் அடிக்கும் இடத்தின் உயரத்தில் ஏறத்தாழ 35 விழுக்காடுதான் வலைக்கு மேல் வரும்போது மிஞ்சியிருக்கும். அதாவது, வலையின் மிகத் தாழ்ந்த நடுப்பகுதியைத் தாண்டிச் சர்வீஸ் கோட்டின் மேலேயே விழ வேண்டுமானால்கூட பந்தைக் குறைந்தது 2.61 மீட்டர் உயரத்தில் சந்திக்க வேண்டும். 1.70 மீட்டர் உயரமுள்ள ஒருவர் கையையும் மட்டையையும் முழுவதும் நீட்டினாலும் ஏறக்குறைய 2.55 அல்லது 2.6 மீட்டரைத்தான் எட்டுவார். ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு நேர்கோட்டுச் சர்வ் என்பது கணக்கின்படியே இல்லாத ஒன்று. பந்தைக் கீழே இழுக்க ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்று, புவியீர்ப்பு தன் வேலையைச் செய்யும் அளவுக்குப் பந்து மெதுவாகப் போக வேண்டும்; அல்லது, பந்தின் சுழற்சி அதைக் கீழே இழுக்க வேண்டும்.

2.08 மீட்டர் உயரமுள்ள ஜான் இஸ்னர் மூன்று மீட்டருக்கும் மேலிருந்து பந்தை அடிப்பவர் என்பதால் அவருக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. 2016-இல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் அவர் அடித்த மணிக்கு 253 கிலோமீட்டர் வேகச் சர்வுக்கும், 2010 விம்பிள்டனில் நிக்கோலா மஹுவுக்கு எதிரான அந்த மூன்று நாள் ஆட்டத்தில் அவர் குவித்த 113 ஏஸ்களுக்கும் (எதிராளி தொடவே முடியாத சர்வ்கள்) இந்த உயரம் ஒரு முக்கியக் காரணம். அவரைப் பார்த்து அவருடைய சர்வைக் கற்க முயலும் சராசரி உயரக்காரர் தனக்குத் திறக்காத கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

தட்டிப் போடுவது புவியீர்ப்பை மட்டும் நம்புகிற வழி. அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பந்து உள்ளே விழும் என்பதுதான் அதன் ஒரே நன்மை. எதிராளி ஓரளவு தேர்ந்தவராக இருந்தால் அந்த நன்மையும் நிலைக்காது, ஏனென்றால் அவர் இரண்டடி முன்னேறி நின்று அதை அடித்து முடித்துவிடுவார். அதைவிடக் கெட்ட விளைவு ஒன்று இருக்கிறது. அழுத்தம் கூடக் கூடத் தட்டல் இன்னும் மெதுவாகிறது, கை இறுகுகிறது, பத்திரமானது என்று நம்பித் தேர்ந்த சர்வே வலையில் போய் விழத் தொடங்குகிறது. 2020 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூரலாம். முதல் இரண்டு செட்களை வென்று, ஐந்தாவது செட்டில் 5–3 என்ற நிலையில் பட்டத்துக்காகச் சர்வ் செய்தவர், கடைசியில் டொமினிக் தீமிடம், 6–6 சமநிலையில் செட்டை முடிவுசெய்யும் டை-பிரேக்கில் தோற்றார். அந்த ஆட்டத்தில் அவர் செய்த டபுள் ஃபால்ட்கள் 15. டை-பிரேக்கில் அவருடைய இரண்டாவது சர்வ் ஒன்று மணிக்கு ஏறத்தாழ 110 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டது. முதல் சர்வை 210 கிலோமீட்டருக்கு மேல் அடிக்கக்கூடிய, ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு இது நேர்ந்தது. உயரமும் பலமும் அவரிடம் குறையவில்லை. பயம் வந்தபோது மட்டையின் வேகம் போய்விட்டது.

இரண்டாவது வழிக்குப் போவோம். எப்படியும் தட்டிப் போட்டால் அடி வாங்கப் போகிறோம், அதற்குப் பதிலாக இரண்டாவது பந்தையும் முதல் பந்தைப் போலவே அடித்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இது வெறும் வீம்பு அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. ஒரு சர்வின் மதிப்பு என்பது, அது உள்ளே விழும் வாய்ப்பை, உள்ளே விழுந்தால் புள்ளியை வெல்லும் வாய்ப்பால் பெருக்கி வருவது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, ஒரு கிளப் ஆட்டக்காரரின் முதல் சர்வ் 55 விழுக்காடு உள்ளே விழுகிறது, விழும்போது 65 விழுக்காடு புள்ளிகளை அவர் வெல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சர்வின் மதிப்பு 0.36 அளவில் வரும். அவரிடம் சுழற்சியுள்ள இரண்டாவது சர்வ் ஒன்று இருந்து, அது 85 விழுக்காடு உள்ளே விழுந்து, 48 விழுக்காடு புள்ளிகளைத் தந்தால் அதன் மதிப்பு 0.41. வித்தியாசம் சிறியதாகத் தோன்றினாலும், முதல் வழியில் அவர் சர்வ் செய்யும் ஐந்து புள்ளிகளில் ஒன்று டபுள் ஃபால்ட்டில் போகும். இரண்டாம் வழியில் பதினைந்தில் ஒன்றுதான் போகும்.

அதே கணக்கை மிகச் சிறந்த சர்வ் உடையவருக்குப் போட்டால் முடிவு நெருங்கி வருகிறது. முதல் சர்வ் 65 விழுக்காடு உள்ளே விழுந்து 75 விழுக்காடு வெல்பவருக்கு அதன் மதிப்பு 0.49; இரண்டாவது சர்வ் 92 விழுக்காடு உள்ளே விழுந்து 54 விழுக்காடு வென்றால் 0.50. அதனால்தான் தொழில்முறை ஆட்டத்தில் சிலர் குறிப்பிட்ட எதிராளிகளுக்கு எதிராக இரண்டாவது பந்தையும் வேகமாக அடித்துப் பார்க்கிறார்கள். அங்கே அது ஒரு நியாயமான பந்தயம். 2001 விம்பிள்டன் இறுதிப் போட்டியின் கடைசி கேமில் கோரன் இவானிசெவிச் பேட்ரிக் ராஃப்டருக்கு எதிராக முதல் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளையும் டபுள் ஃபால்ட்டில் இழந்து, நான்காவதில்தான் வென்றார். அத்தகைய சர்வ் உள்ளவருக்கே விலை இவ்வளவு என்றால், முதல் சர்வில் பாதியை மட்டும் உள்ளே போடுபவர் இதைப் பின்பற்றுவது சரியான தேர்வாகாது. இந்த வழியில் மட்டையை முழு வேகத்தில் வீசலாம் என்பது உண்மை. ஆனால் பந்துக்கு வலைக்கு மேல் இடமே இல்லை.

உண்மையான போட்டி ஸ்லைஸுக்கும் கிக்குக்கும் இடையில்தான். இரண்டுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று இருக்கிறது: கான்டினென்டல் பிடி. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்குமாறு நிறுத்திவைத்து, கைப்பிடியை மேலிருந்து பற்றும் பிடி அது. ஃபோர்ஹேண்ட் பிடியோடு சர்வ் செய்பவருக்கு மட்டையின் முகம் தொடக்கத்திலிருந்தே வலையைப் பார்த்துத் திறந்திருக்கும். பந்தை உரச முடியாது, தள்ளத்தான் முடியும். கான்டினென்டல் பிடியில் மட்டை விளிம்பு முன்னே வர ஏறிப் போய், அடிக்கும் கணத்தில் முன்கையும் தோளும் உள்ளிருந்து வெளியே திரும்புவதால் முகம் திறக்கிறது. அந்தத் திருப்பத்தின் எந்தக் கட்டத்தில், எந்தத் திசையில் பந்தைத் தொடுகிறோம் என்பதே ஃபிளாட் (சுழற்சி அதிகமில்லாத நேரடி அடி), ஸ்லைஸ், கிக் ஆகிய மூன்றையும் பிரிக்கிறது. பிடியை மாற்றும் முதல் சில வாரங்கள் பந்து இடப்பக்க வேலியை நோக்கிப் போகும். பலர் அங்கேயே மனம் தளர்ந்து பழைய பிடிக்குத் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பாதீர்கள், இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இந்த வரியைக் கடைப்பிடியுங்கள்.

பந்தின் பின்புறத்தை நம்மைப் பார்த்திருக்கும் ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொள்வது பயிற்சியாளர்களின் வழக்கம். ஸ்லைஸில் மட்டை அந்தக் கடிகாரத்தின் மூன்று மணிப் பக்கத்தைச் சுற்றிப் போகிறது. டாஸை, அதாவது அடிப்பதற்காகப் பந்தை மேலே எறிவதை, உடம்புக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் விழுமாறு போட வேண்டும். பந்து காற்றில் இடப்பக்கம் வளைந்து, தரையில் பட்டதும் தாழ்வாகச் சறுக்கி, மேலும் இடப்பக்கம் விலகும். டியூஸ் பக்கத்திலிருந்து (சர்வ் செய்பவரின் வலப்பாதி) கட்டத்தின் ஓரத்துக்கு அடித்தால் எதிராளியை மைதானத்தைவிட்டே வெளியே இழுத்துவிடும். உடம்பை நோக்கி அடித்தால் அவருடைய கை நெருக்குண்டு போகும். எறியும் இயக்கத்துக்கு நெருக்கமானது என்பதால் ஸ்லைஸைக் கற்பது எளிது. தோளையும் முதுகையும் வருத்துவதும் குறைவு.

ஆனால் அதில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. ஸ்லைஸைப் பரிந்துரைப்பவர்கள் இதை அடிக்கடி சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். சுழலும் பந்தைக் காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்பது சுழற்சியின் அச்சைப் பொறுத்தது. மேலிருந்து கீழாகச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. பக்கவாட்டில் சுழலும் பந்தைப் பக்கவாட்டில்தான் தள்ளுகிறது. ஆகவே முழுக்கப் பக்கச் சுழற்சி கொண்ட ஸ்லைஸ் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் வலையைத் தாண்டிய பிறகு விரைவாகக் கீழே இறங்காது. மட்டையை முழு வேகத்தில் வீசினால் அதே ஸ்லைஸ் நீளமாகப் போய் விழும். அதற்கு அஞ்சி வேகத்தைக் குறைத்தால் மறுபடியும் தட்டலுக்கே வந்து சேர்கிறோம். எலெனா டெமென்டியேவா 2004-இல் பிரெஞ்சு ஓபன், அமெரிக்க ஓபன் ஆகிய இரண்டிலும் இறுதிப் போட்டி வரை போனவர். தரையிலிருந்து அடிக்கும் அடிகளில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்தவர்களில் ஒருவர். அவருடைய சர்வ் ஏறத்தாழ பக்கச் சுழற்சியை மட்டுமே நம்பியிருந்தது. மெதுவான, வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப்போட்ட டாஸிலிருந்து வரும் அந்தச் சர்வை எதிராளிகள் ஆண்டுக்கணக்கில் தாக்கினார்கள்.

கிக்கில் கடிகாரத்தின் ஏழு மணியிலிருந்து ஒரு மணியை நோக்கி மட்டை மேலே ஏறுகிறது. டாஸ் தலைக்கு நேர் மேலே, அல்லது சற்றே இடப்பக்கம். முழங்கால்கள் நன்றாக மடங்கி, உடம்பு பக்கவாட்டிலேயே அதிக நேரம் நின்று, மட்டை முன்னால் பாய்வதைவிட மேலே பாய வேண்டும். அடித்த கணத்தில் பந்து வானத்தைப் பார்த்துப் போவதுபோலத் தோன்றும். வலையை ஒரு மட்டை நீளத்துக்கும் மேல் தாண்டும். பிறகு சட்டென்று வளைந்து கட்டத்துக்குள் இறங்கும். தரையில் பட்டபின் உயர எழும்பி, எதிராளியின் இடப்பக்கம், அதாவது வலக்கைக்காரரின் பேக்ஹேண்ட் பக்கம் துள்ளும். தோள் உயரத்தில் வரும் பந்தை ஒற்றைக் கை பேக்ஹேண்டால் அடிப்பது எவருக்கும் கடினம். இதில் மட்டையை எவ்வளவு வேகமாக வீசுகிறோமோ அவ்வளவு சுழற்சி, எவ்வளவு சுழற்சியோ அவ்வளவு பத்திரம். பயத்தில் கை வேகம் குறைந்தால்தான் பந்து தவறும். வேகமாக வீசுவதும் பத்திரமாக ஆடுவதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்காத ஒரே சர்வ் இதுதான் என்பதால், முதலில் சொன்ன அளவுகோலின்படி கிக்குக்கே முதலிடம்.

கிக்குக்கு உயரம் தேவை என்று சிலர் நினைப்பது தவறு. உயரக் குறைவானவர்களுக்கே வளைந்து இறங்கும் பாதை அதிகம் தேவைப்படுகிறது. 1.72 மீட்டர் உயரமுள்ள சமந்தா ஸ்டோசர் பெண்கள் ஆட்டத்தில் மிகச் சிறந்த கிக் சர்வ்களில் ஒன்றை வைத்திருந்தார். 2011 அமெரிக்க ஓபன் இறுதிப் போட்டியில் செரீனா வில்லியம்ஸை நேர் செட்களில் வென்றார். ஆண்கள் ஆட்டத்தில் ஸ்டெஃபான் எட்பர்க், ராஃப்டர் இருவரும் கிக் சர்வை வலைக்கு ஓடும் ஆட்டத்தின் அச்சாணியாக வைத்திருந்தவர்கள். பந்து மெதுவாகப் போய் உயர எழும்புவதால், எதிராளி அடிக்கும் நேரத்துக்குள் வலையை நெருங்க அவர்களுக்கு ஓரிரு அடிகள் கூடுதலாகக் கிடைத்தன. 1998-இல் நுங்கம்பாக்கத்தில் ராஃப்டர் சென்னைப் பட்டத்தை வென்றபோது அரங்கில் இருந்தவர்கள் இந்தச் சர்வை மிக அருகில் பார்த்திருக்கிறார்கள். இரட்டையர் ஆட்டமே பெரும்பாலும் ஆடுபவர்களுக்கு இந்த ஒரு காரணமே கிக்கின் பக்கம் சாயப் போதுமானது.

இனி கிக்குக்கு எதிரான வாதங்கள். அவை வலுவானவை. முதலாவது, உடம்பு. தலைக்குப் பின்னால் சாயும் டாஸும், முதுகைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒரே சமயத்தில் வளைக்கும் நிலையும் கீழ் முதுகெலும்பில் பெரும் சுமையை ஏற்றுகின்றன. வளரும் சிறுவர்களுக்கு முழுமையான கிக்கைக் கற்றுத்தருவதில் அக்கறையுள்ள பயிற்சியாளர்கள் அவசரப்படாததற்குக் காரணம் இதுதான். நாற்பதைத் தாண்டியவர், நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், முன்பே முதுகு வலி வந்தவர் ஆகியோர் எட்பர்கின் வளைவைப் படத்தில் பார்த்து மறுநாள் காலையில் முயல்வது ஆபத்து. வயிற்றுத் தசைகளுக்கும் சர்வ் பெரிய வேலை கொடுக்கிறது. 2022 விம்பிள்டனில் ரஃபேல் நடால் அரையிறுதிக்கு முன்பு விலகியது வயிற்றுத் தசைக் கிழிவால்தான். இரண்டாவது, அரைகுறைக் கிக். சுழற்சி போதாத கிக் கட்டத்தின் நடுவில் விழுந்து இடுப்பு உயரத்தில் எழும்பி நிற்கும். அதைப் போல அடிக்க வசதியான பந்து டென்னிஸில் வேறில்லை. கற்கும் காலம் முழுவதும் இந்தப் பந்தைத்தான் எதிராளிக்குக் கொடுத்துக்கொண்டிருப்போம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வாதம் டாஸைப் பற்றியது. எனக்கு இது இந்த ஒப்பீட்டின் மிகச் சுவையான பகுதி. ஸ்லைஸுக்கு டாஸ் வலப்பக்கம், கிக்குக்கு இடப்பக்கம் என்றால், பந்து கையைவிட்டுக் கிளம்பியதுமே எதிராளிக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. பீட் சாம்ப்ராஸின் சிறுவயதுப் பயிற்சியாளர் பீட்டர் ஃபிஷர், பந்து காற்றில் ஏறிய பிறகே எந்தச் சர்வை அடிக்க வேண்டும் என்று கூறுவாராம்; ஒரே டாஸிலிருந்து எல்லாச் சர்வையும் அடிக்கும் பழக்கம் சாம்ப்ராஸுக்கு அப்படித்தான் படிந்தது. ரோஜர் ஃபெடரரிடமும் இதே குணம் உண்டு. 2009 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து ஆடிய ஆண்டி ராடிக், மணிக்கு 249 கிலோமீட்டர் வேகத்தில் சர்வ் அடித்து ஒரு காலத்தில் உலகச் சாதனையை வைத்திருந்தவர். அந்த ஆட்டத்தில் 50 ஏஸ்களை அடித்தவர் ஃபெடரர். எங்கே வரும் என்று தெரியாத பந்து, எங்கே வரும் என்று தெரிந்த வேகமான பந்தைவிடக் கடினமானது.

இதிலிருந்துதான் ஐந்தாவது வழி ஒன்று புலப்படுகிறது. ஸ்லைஸுக்கும் கிக்குக்கும் இடையே ஒரு சுவர் இல்லை. மட்டை செல்லும் திசையைச் சிறிது சிறிதாக மேல்நோக்கிச் சாய்த்தால் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே போகும். டாஸை வலத் தோளுக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னால் போட்டு, கடிகாரத்தின் இரண்டு மணியை நோக்கி மேல்பக்கமாக உரசினால் கிடைக்கும் சர்வைப் பயிற்சியாளர்கள் டாப்-ஸ்லைஸ் என்பார்கள். பந்து இடப்பக்கம் வளையவும் செய்யும், கீழே இறங்கவும் செய்யும். கிக்கைப்போல எதிர்ப்பக்கம் துள்ளாது. ஸ்லைஸைப்போல அவ்வளவு தாழ்வாகச் சறுக்காது. இரண்டின் உச்சமும் இதில் இல்லை. ஆனாலும் மேல் சுழற்சி ஓரளவு இருப்பதால் மட்டையை முழு வேகத்தில் வீசலாம், முதுகை வளைக்க வேண்டியதில்லை, டாஸும் ஏறத்தாழ முதல் சர்வின் டாஸாகவே இருக்கும். வயது வந்தபின் சர்வைத் திருத்திக்கொள்ள வருகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆறு மாதம் அல்லது ஓராண்டில் இது கையில் படிந்த பிறகு, முதுகும் தோளும் இடம் கொடுத்தால், அங்கிருந்து கிக்குக்கு நகர்வது ஒரு சிறு திருத்தம்தான். நேராகக் கிக்கில் தொடங்கியவர்களில் பலர் நடுவழியில் பழைய தட்டலுக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இளைஞர்களுக்கு, அதாவது வளர்ச்சி முடிந்து, உடற்பயிற்சியும் செய்து, போட்டிகளில் ஆட நினைக்கிற பதினெட்டு, இருபது வயதுக்காரர்களுக்கு, என் பதில் மாறும். அவர்கள் ஒரு நல்ல பயிற்சியாளரின் கண் முன்னால் கிக்கையே கற்கட்டும். அவர்களுக்குத் தேவையான காலமும் உடம்பும் இருக்கின்றன.

இடக்கைக்காரர்களுக்கு முடிவு எளிது. அவர்களுடைய ஸ்லைஸ் எதிர்ப்பக்கம் வளைகிறது; அட்வான்டேஜ் பக்கத்திலிருந்து (சர்வ் செய்பவரின் இடப்பாதி) அடித்தால் வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டை மைதானத்துக்கு வெளியே இழுக்கிறது. 40–30, 30–40, அட்வான்டேஜ் ஆகிய முக்கியமான புள்ளிகள் எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் ஆடப்படுகின்றன. ஜான் மெக்கன்ரோ தன் ஆட்டத்தின் பெரும்பகுதியை அந்த ஒரு சர்வின் மேல் கட்டினார். இடக்கைக்காரர் கொஞ்சம் மேல் சுழற்சி கலந்த ஸ்லைஸை வைத்துக்கொண்டு அதை மெருகேற்றினால் போதும்.

தளத்தையும் பருவத்தையும் பொறுத்துச் சில திருத்தங்கள் உண்டு. புல்தரையிலும், வழவழப்பான பழைய சிமென்ட் தளத்திலும் ஸ்லைஸ் நன்றாகச் சறுக்கும், கிக் அவ்வளவு எழும்பாது. களிமண்ணிலும் சொரசொரப்பான கடினத் தளத்திலும் நிலைமை தலைகீழ். வெயிலில் சூடான பந்து உயர எழும்புவதால், நம் ஊர்க் கோடைக் காலையில் ஒன்பது மணிக்கு மேல் ஆடுபவருக்குக் கிக் கூடுதலாக உதவும். கடற்காற்று வீசும் மைதானங்களில் உயரமான டாஸ் நிலைகொள்ளாது. அங்கே டாஸைத் தாழ்த்திக்கொள்ள வசதியான ஸ்லைஸ் வகைகளுக்கே ஆதாயம். டாஸ் சரியில்லை என்றால் அடிக்காமல் பிடித்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது என்பதையும் பலர் பயன்படுத்துவதே இல்லை.

வேகமோ பெரிய சுழற்சியோ இல்லாத சர்வ் உள்ளவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. ரமேஷ் கிருஷ்ணனின் சர்வ் அவருடைய காலத்து முன்னணி ஆட்டக்காரர்களிடையே மென்மையானவற்றில் ஒன்று. ஆனாலும் அவர் மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகளில் ஆடினார். 1989 ஆஸ்திரேலிய ஓபனில் அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வென்றார். ரமேஷுக்கு அடுத்த அடி என்ன என்பது எப்போதும் தெரிந்திருந்தது. சர்வுக்குப் பிந்தைய அந்த அடியை வைத்தே சர்வின் இடத்தைத் தேர்வது எந்த வகைச் சர்வுக்கும் பொருந்தும். ஃபோர்ஹேண்ட் வலுவானவர் எதிராளியின் பேக்ஹேண்டுக்கு அடித்துவிட்டு இடப்பக்கம் ஓரடி நகர்ந்து நிற்கலாம்; இரண்டாவது சர்வ் வெறும் உள்ளே போடும் பந்தாக இருந்தால் இந்தத் திட்டத்துக்கே இடமில்லை.

பயிற்சியைப் பற்றி இரண்டு யோசனைகள். வலைக்கு மேல் ஒரு மட்டை நீளம், அதாவது ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்தில், இரு பக்கமும் மூங்கில் கழி நட்டு ஒரு கயிற்றைக் கட்டுங்கள். அந்தக் கயிற்றுக்கு மேலே போய்க் கட்டத்துக்குள் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டால், யாரும் விளக்காமலே கை மேல்நோக்கி உரசக் கற்றுக்கொள்ளும், ஏனென்றால் வேறு வழியில் முழு வேகத்தில் அடித்த பந்து உள்ளே விழாது. மற்றொன்று, பயிற்சி ஆட்டங்களில் ஒரு செட் முழுவதும் முதல் சர்வே இல்லை, இரண்டாவது சர்வ் ஒன்றுதான் என்று ஒப்புக்கொண்டு ஆடுங்கள். தொடக்கத்தில் செட்களை இழப்பீர்கள். அரினா சபலென்கா 2022 தொடக்கத்தில் அடிலெய்டில் ஒரே ஆட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்ட டபுள் ஃபால்ட்கள் செய்தவர். உடலியக்க வல்லுநர் ஒருவரோடு சேர்ந்து சர்வின் இயக்கத்தையே திருத்திக்கொண்டு, அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அந்த இறுதிப் போட்டியில் முதல் சாம்பியன்ஷிப் புள்ளியில் அவர் செய்தது டபுள் ஃபால்ட். அதன் பிறகும் தட்டிப் போடாமல் அடித்துத்தான் ஆட்டத்தை முடித்தார்.

புதிய சர்வை எப்போது போட்டிக்குக் கொண்டுபோகலாம் என்பதற்கு, உள்ளே விழும் விழுக்காட்டை மட்டும் பார்க்க வேண்டாம். தவறும் பந்துகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். வலையில் விழுந்துகொண்டிருந்தால் கை இன்னும் பயந்து வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள், பயிற்சி தொடரட்டும். தவறுபவை பெரும்பாலும் சர்வீஸ் கோட்டைத் தாண்டி ஓரடி இரண்டடி நீளமாக விழத் தொடங்கினால், மட்டை முழு வேகத்தில் போகிறது, சுழற்சி மட்டும் இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். அந்த நிலையில் சர்வைப் போட்டிக்குக் கொண்டுபோய்விடலாம்.